அத்தான் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்ட விதம்

என் அக்காவின் கணவரைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல் என்று யாராவது கேட்டால், அவருடைய சட்டையைத்தான் சொல்வேன். காலையில் கிளம்பும்போது இருந்த இஸ்திரி மடிப்பு, சாயங்காலம் திரும்பும்போதும் அப்படியே இருக்கும். ஒரு மனிதர் பகல் முழுவதும் உருப்படியாக எதையும் செய்யவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அந்த மடிப்பைப் போட்டுக் கொடுப்பவளும் அக்கா என்பதால், அந்தப் பாராட்டும் அவரிடம் நிற்காமல் நழுவிப் போய்விடும்.

அத்தானுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடை அவருடையது இல்லை. ஆனால் அவர் பேச்சைக் கேட்டால் முதலாளிதான் அவரிடம் சம்பளம் வாங்குகிறாரோ என்று தோன்றும். கண்ணாடி வாங்க வருகிறவர்களின் மூக்கிலும் காதிலும் சட்டத்தைப் பொருத்திப் பார்ப்பது, கழன்ற திருகாணியை முடுக்குவது, இதுதான் வேலை. வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் முகத்தைக் குனிந்து பார்த்தே பழகியதாலோ என்னவோ, எல்லோரும் தனக்கு ஒரு படி கீழே நிற்பதாகவே அவருக்குத் தோன்றிவிட்டது. கொத்தனாருக்குச் சுவர் எழுப்பச் சொல்லித் தருவார். பஸ் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு எந்த இடத்தில் கியர் மாற்றியிருக்க வேண்டும் என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் விளக்குவார். எங்கள் தெருவில் அவருக்கு 'நிபுணர்' என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

எனக்குத் தையல் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் அக்கா வீட்டில் வந்து தங்கினேன். மாடியில் இரண்டு அறை, நடைபாதை மாதிரி ஒரு சமையலறை, துணி காயப்போடக் கம்பி கட்டிய ஒரு சின்ன வராந்தா. அக்கா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இருந்தாள். படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் டாக்டர்களின் அங்கிகளும் மலை மாதிரி வந்து விழும். அவற்றை ஊறவைத்து, அலசி, பிழிந்து, எந்திரத்தில் போட்டு எடுக்க வேண்டும். விடியும் முன்பே அங்கே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் பஸ் கிடையாது. அதனால் வீட்டில் ஒரு சைக்கிள் இருந்தது. அக்காவின் சைக்கிள். அத்தான் அதில் ஏற மாட்டார். பேன்ட்டில் சங்கிலிக் கறை படிந்துவிடுமாம்.

அக்கா அதிகம் பேச மாட்டாள். வேலைக்குப் போவாள், வந்து சமைப்பாள், பாத்திரம் கழுவுவாள், துணி துவைப்பாள், சட்டைக்கு இஸ்திரி போடுவாள். அத்தான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு உலகத்தைத் திருத்திக்கொண்டிருப்பார். "உனக்கு வாயே இல்லையாக்கா?" என்று நான் கேட்டால், "உனக்குத்தான் ரெண்டு பேருக்கும் சேர்த்து இருக்கே" என்பாள். அவளை நான் அசடு என்றே நினைத்திருந்தேன். பாசமான அசடு, ஆனாலும் அசடு.

ஒரு விடுமுறை நாள் காலையில் அந்தச் சைக்கிளின் முன் டயர் தரையோடு தரையாகக் கிடந்தது. வழக்கமாக அக்காவே தள்ளிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போவாள். அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல். "நீங்க கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாங்களேன்" என்றாள். அத்தான், தன்னை ஏதோ தூதுவராக அனுப்புவது போலத் தலையைச் சீவிக்கொண்டு கிளம்பினார். மருந்து வாங்க வேண்டியிருந்ததால் நானும் கூடவே போனேன்.

சைக்கிள் கடைக்காரர் ஒன்றும் பெரிய மகான் இல்லை. வெற்றிலை போட்டது மாதிரி எப்போதும் எதையாவது மென்றுகொண்டே இருப்பார். சொன்ன நேரத்துக்கு எதையும் தந்ததில்லை. ஒரு வேலையை எடுத்தால் நடுவில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். ஆனால் கை ஓடும். நாங்கள் போனதும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார். டயரை நெம்பி டியூபை உருவினார். அத்தான் பக்கத்தில் குனிந்து நின்றுகொண்டார்.

"அப்படி இழுக்காதீங்க. ரப்பருக்கு ஒரு வாட்டம் இருக்கு. அந்த வாட்டத்துலதான் இழுக்கணும்."

கடைக்காரர் மென்றுகொண்டே இருந்தார். டியூபுக்குக் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கினார்.

"தண்ணியில முக்கறதே பழைய முறை. காதுகிட்ட வச்சாலே சத்தம் தெரியும்."

கடைக்காரர் மென்றுகொண்டிருந்ததைத் துப்பினார். டியூபையும், டயர் நெம்பும் இரும்புப் பட்டையையும் அத்தானின் கையில் வைத்தார்.

"அப்ப நீங்களே பண்ணிடுங்க சார். நானும் பார்த்துக் கத்துக்கறேன்."

டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தானின் காது மடல் சிவந்து போயிற்று. சைக்கிளை நிமிர்த்தினார். டயர் ஒரு பக்கம் தொங்க, டியூபைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு, தெரு முழுக்கப் பார்க்கத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். வாசலில் நின்று சத்தியம் செய்தார்: "இனிமே இந்த வீட்டுச் சைக்கிள் அந்த ஆள் கடை வாசலை மிதிக்காது. பஞ்சர் ஒட்டறது என்ன ராக்கெட் விடற வேலையா? நானே பண்றேன்."

அக்கா போர்வைக்குள்ளிருந்து அவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "சரி, பண்ணுங்க" என்றாள்.

அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானமே ஆராய்ச்சி தொடங்கியது. ஓட்டையே இல்லையோ என்று டியூபைத் திரும்ப டயருக்குள் திணித்துக் காற்றடித்துப் பார்த்தார், நிற்கவில்லை. மறுபடி நெம்பி எடுக்க, கடைக்காரரிடம் இருப்பது போன்ற இரும்புப் பட்டை வீட்டில் ஏது? சமையலறைக்குள் போனார். கரண்டிகளை எடுத்து வந்தார். டயரை ரிம்மிலிருந்து நெம்புவதற்குக் கரண்டிக் காம்பு போதுமாம். இரண்டு கரண்டிகள் வளைந்தன. மூன்றாவது கரண்டி டியூபைக் கடித்து, இருந்த ஓட்டையோடு புதிதாக இன்னொன்றையும் போட்டது. வாளித் தண்ணீரில் அமுக்கியபோது இரண்டு இடத்தில் குமிழி வந்தது. "பார்த்தியா, அந்த ஆள் ஒரு ஓட்டையைக் கவனிக்கவே இல்ல" என்றார் என்னிடம், வெற்றியோடு.

ஓட்டையில் ஒட்டுவதற்கு ரப்பர் துண்டு வேண்டும். அக்கா சலவையில் போட்டுக்கொள்ளும் கையுறை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி கொடுத்தது. கணக்கு கேட்பார்கள். அதன் சுட்டுவிரலை வெட்டிவிட்டார். பசைக்கு, தன் கடையில் மூக்குக்கண்ணாடிச் சட்டம் ஒட்டுகிற பசையைக் கொண்டு வந்திருந்தார்.

"அது கெட்டியா உறைஞ்சிடுமே அத்தான். டியூப் வளைஞ்சு கொடுக்கணும் இல்ல?" என்றேன்.

"இந்தப் பசை எந்த ஊருலேர்ந்து வருதுன்னு தெரியுமா உனக்கு? உடைஞ்ச சட்டத்தை இதுல ஒட்டினா, வேற இடத்துல உடையுமே தவிர ஒட்டின இடத்துல உடையாது."

சொன்னது பலித்தது. ஒட்டு கல் மாதிரி இறுகியது. மறுநாள் அக்கா தெரு தாண்டுவதற்குள், ஒட்டின இடத்தைச் சுற்றி ரப்பர் கிழிந்தது. அவள் இருட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு நடந்து போனாள். ஒரு விரல் இல்லாத கையுறையோடு வெந்நீர்த் தொட்டியில் கைவிட்டாள். சாயங்காலம் அவள் விரல் வெந்து வீங்கியிருந்ததை நான் பார்த்தேன். அத்தான் பார்க்கவில்லை. அவர் டியூபைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்குப் பிறகாவது விட்டிருப்பார் என்று நினைப்பீர்கள். வீம்பு பிடித்தவர்களை உங்களுக்குத் தெரியாது. கடையில் கூட வேலை செய்யும் ஒருவர் சொல்லி, முறையான ரப்பர் ஒட்டுத் துண்டுகளும், சொல்யூஷன் என்கிற ரப்பர் பசையும், உப்புத்தாளும், இரும்புப் பட்டையும் வாங்கினார். புது டியூபும் வந்தது. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது உலரும்வரை காத்திருந்து, ஒட்டை வைத்து அழுத்தும் அளவுக்குத் தேறினார். என்னை விடுங்கள், எனக்கு அவரைப் பிடிக்காது. ஆனாலும் சொல்கிறேன், அந்த ஒட்டுகள் நன்றாகவே ஒட்டின. கண்ணாடித் திருகாணி முடுக்கிய விரல் அல்லவா. அதைப் பார்த்துத் தானே மயங்கி, டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரசிப்பார்.

ஆனால் மறுபடியும் காற்று இறங்கியது. ஒட்டின இடத்தில் இல்லை, அதற்கு ஒரு விரற்கடை தள்ளி. அதை ஒட்டினார். இன்னும் கொஞ்சம் தள்ளி ஓட்டை விழுந்தது. இதை ஒரு மனிதன் எத்தனை முறை பார்த்தால் சந்தேகப்படுவான்? அத்தான் சந்தேகப்பட்டார். எல்லார் மேலும் சந்தேகப்பட்டார். டியூப் செய்த கம்பெனி மேல், தெருவில் கிடக்கும் கற்கள் மேல், வெயில் மேல். கீழ்வீட்டு அம்மாவின் பேரன் ஊசியால் குத்துகிறான் என்று அந்த அம்மாவோடு சண்டைக்குப் போய், அவன் இன்னும் தவழவே ஆரம்பிக்கவில்லை என்று தெரிந்துகொண்டு திரும்பி வந்தார். கடைசியில் அக்கா மேல்.

"நீ பிரேக் பிடிக்கிற விதம் சரியில்ல. திடீர்னு பிடிக்கிற. எல்லா பாரமும் முன் டயர் மேல வருது."

"சரி, மெதுவா பிடிக்கிறேன்" என்றாள் அக்கா.

"உடம்பும் கொஞ்சம் போட்டுடுச்சு உனக்கு."

அவள் அன்றைக்கு மட்டும் அவர் சட்டைக்கு இஸ்திரி போடாமல் படுத்துக்கொண்டாள். அவர் அதை மறதி என்று எடுத்துக்கொண்டார்.

நான் அக்காவிடம் சண்டை போட்டேன். "நீயே கடையில கொடுத்து ஒட்டிக்கோயேன். இவர் கையைக் காலைப் பிடிச்சுக்கிட்டு ஏன் கிடக்கிற?"

"அவர் பண்றேன்னு சொல்லியிருக்காரு."

"சொன்னா? நீ தினம் நடந்து சாவியா?"

"நடந்தா ஒண்ணும் தேய்ஞ்சு போயிட மாட்டேன். நீ இதுல தலையிடாதே." அவள் குரலில் இருந்தது பணிவு இல்லை. வேறென்னவோ. எனக்குப் பிடிபடவில்லை. எரிச்சலில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்குப் போக ஒரு சரிவு உண்டு. சலவைத் துணி வண்டிகள் இறங்கும் சிமென்ட் சரிவு, பக்கத்தில் சாக்கடை. ஒருநாள் விடியும் முன் அக்கா அதில் இறங்கினாள். முந்தின நாள்தான் அத்தான் மறுபடி ஒட்டி, டயரை மாட்டியிருந்தார். மாட்டும்போது டயரின் விளிம்பு ஓரிடத்தில் ரிம்முக்குள் சரியாக உட்காரவில்லை. அது அவருக்குத் தெரியவில்லை. சரிவில் இறங்கும்போது காற்று இறங்கியிருக்கிறது. டயர் ரிம்மைவிட்டு வெளியே வந்து சக்கரத்தைப் பிடித்திருக்கும் முன்கவட்டில் சிக்கியிருக்கிறது. சைக்கிள் நின்றது, அக்கா நிற்கவில்லை.

தொழிற்சாலை மேற்பார்வையாளர் வந்து என் தோளைத் தொட்டபோது நான் பித்தான் துளை எந்திரத்தில் இருந்தேன். ஓடினேன். அக்காவைக் கூட வேலை செய்கிற பெண்கள் அழுக்குத் துணி வண்டியிலேயே படுக்கவைத்து எலும்புப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. தாடையில் தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "அடுப்பை அணைச்சியா?" என்றுதான் கேட்டாள்.

அத்தானும் வந்து சேர்ந்தார். சட்டை மடிப்புக் கலையாமல். முகம் மட்டும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. அக்காவின் கை தொங்குவதைப் பார்த்ததும் ஒரு நிமிடம் வாய் பேசவில்லை. எனக்கு அவரைத் தெரிந்த அத்தனை காலத்தில் அதுவே முதல் தடவை. நீடிக்கவில்லை. மாவுக்கட்டுப் போடுகிறவர் துணியைச் சுற்றத் தொடங்கியதும் குனிந்தார்.

"கட்டு இன்னும் கொஞ்சம் மேல வரணும்னு நினைக்கிறேன்."

மாவுக்கட்டுப் போடுகிறவர் திரும்பாமலே கேட்டார். "நீங்க யாரு?"

"நான் இவங்க வீட்டுக்காரர்."

"அப்ப வெளிய போய் உட்காருங்க."

அவர் வெளியே போய் உட்கார்ந்தார்.

வீட்டில் அக்காவால் ஒரு டம்ளரைக்கூட எடுக்க முடியவில்லை. சமையலை நான் பார்த்துக்கொண்டேன், தொழிற்சாலையிலிருந்து வந்து அலுப்போடு. அத்தான் என்ன செய்தார் தெரியுமா? அக்காவின் சீருடையில் ஒட்டியிருந்த சாக்கடைச் சேற்றை அவரே துவைத்தார். வெள்ளைச் சீருடையை என்னுடைய சிவப்புப் பாவாடையோடு ஊறவைத்துத் துவைத்தார். காயவைத்தபோது அது இளஞ்சிவப்பாக இருந்தது. அதன் முன்னால் நின்று, சாயத்தைப் பற்றித் துணி வியாபாரிகளுக்கு அறிவு போதாது என்றார். நான் பதில் சொல்லாமல் உள்ளே போனேன். சொல்லியிருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே சுவரில் சாய்ந்து கிடந்தது. அடுத்த விடுமுறை நாளன்று, "இதை நான் கடையில கொடுத்துட்டு வர்றேன், இனிமே யாரும் தடுக்க முடியாது" என்று கிளம்பினேன்.

"வேண்டாம்" என்றாள் அக்கா. "மேல கொண்டு வரச் சொல்லு அவரை."

"இன்னுமா?"

"கொண்டு வரச் சொல்லு."

அத்தான் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்து வராந்தாவில் வைத்தார். அக்கா அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாவுக்கட்டுக் கை மடியில் ஒரு குழந்தை மாதிரி கிடந்தது. அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"தலைகீழா நிறுத்துங்க. சக்கரத்தைக் கழட்டுங்க."

"எனக்குத் தெரியும். முதல்ல நாம..."

"உங்களுக்குத் தெரியாது." சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னாள். "தெரிஞ்சிருந்தா என் கை இப்படி இருக்காது. பேசாம நான் சொல்றதைச் செய்யுங்க."

அத்தான் வாயைத் திறந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். சக்கரத்தைக் கழற்றினார்.

"காற்று கொஞ்சமும் இருக்கக் கூடாது. வால்வை அமுக்கி முழுசா வெளிய விடுங்க. இப்ப பட்டையை வால்வுக்கு எதிர்ப்பக்கத்துல விடுங்க. ஆழமா விடாதீங்க, டியூபைக் கடிக்கும். ஆங். அடுத்ததை ஒரு சாண் தள்ளி."

நான் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இவளுக்கு இதெல்லாம் எப்போது தெரியும்?

டியூப் வெளியே வந்தது. அவர் வழக்கம் போல அதைத் தூக்கி ஓட்டையைத் தேடப் போனார்.

"டியூபைக் கீழ வைங்க. டயரை எடுங்க. உள்ளே விரலை விட்டு ஒரு சுத்து தடவிப் பாருங்க."

"டயர்ல என்ன இருக்கு? ஓட்டை டியூபுலதானே..."

"வாயை மூடிட்டு விரலை விடுங்க."

விட்டார். மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். பாதிச் சுற்றில் "ஆ" என்று கையை உதறினார். விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம். டயரைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடிக் கடையிலிருந்து கொண்டு வந்த சின்ன இடுக்கியை எடுத்து வந்து, ரப்பருக்குள் புதைந்திருந்த ஒன்றைப் பிடித்து இழுத்தார். கம்பித் துண்டு. மயிர்க்கனம்தான். அரிசி நீளம்கூட இருக்காது. முதல் நாளிலிருந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டு, அவர் எத்தனை முறை ஒட்டினாலும் அத்தனை முறையும் புதிதாகக் குத்திக்கொண்டிருந்திருக்கிறது.

அவர் அந்தக் கம்பியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டார்.

"உனக்கு இது தெரியுமா?"

"ஒவ்வொரு தடவையும் கடையில நின்னு பார்த்திருக்கேனே. சலவையில எங்க ஆளுங்க சைக்கிளுக்கெல்லாம் நான்தான் ஒட்டிக் கொடுப்பேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா?"

அவர் குனிந்துகொண்டார். நான்தான் பொறுக்க முடியாமல் கத்தினேன். "அவரை விடு. நீ ஏன்கா செய்யல? தெரிஞ்சும் ஏன் நடந்த? கையை உடைச்சுக்கிட்டியே!"

அக்கா என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, அழுகை இல்லை. அவரைப் பார்த்து நான் தினமும் முகம் சுளிப்பேனே, அதைவிட நூறு மடங்கு சுத்தமான ஒரு வெறுப்பு அங்கே ஓசையில்லாமல் குடியிருந்தது. என்னுடையது வெறும் எரிச்சல் என்று அப்போதுதான் புரிந்தது.

"சமையல் நான். பாத்திரம் நான். துணி நான். ஆஸ்பத்திரி அழுக்கும் நான், வீட்டு அழுக்கும் நான். இதையும் ஒரு தடவை தெரியும்னு எடுத்துச் செஞ்சேன்னு வை, சாகற வரைக்கும் அதுவும் என் தலையிலதான். அவரா வாயை விட்டு நான் பண்றேன்னு சொன்னாரு. இந்த வீட்டுல அவரா சொன்ன ஒரே வேலை. அதையாவது கத்துக்கட்டும்னு விட்டேன்." கட்டுப் போட்ட கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். "இதை மட்டும் நான் கணக்குல சேர்க்கல."

அவர் அப்போதும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் டியூபில் ஓட்டையைத் தேடி, உப்புத்தாளால் தேய்த்தார். சொல்யூஷன் காயும்வரை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது மாதிரி எனக்குத் தெரிந்தது. சொல்யூஷன் நெடியாகவும் இருக்கலாம், அதிகம் கொடுத்துவிட நான் தயாராக இல்லை.

"டயரை மாட்டறதுக்கு முன்னால டியூபுக்குக் கொஞ்சம் காற்று. முறுக்கிக்காம இருக்கும். விளிம்பைக் கையாலேயே அமுக்குங்க, கடைசியில பட்டையைத் தொடாதீங்க. அப்புறம் ரெண்டு பக்கமும் சுத்திப் பாருங்க, எங்கயாவது பிதுங்குதான்னு."

அவர் சுற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் பிதுங்கியது. காற்றை இறக்கிவிட்டு மறுபடி உட்கார வைத்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "இனிமே காலையில காற்று பார்த்து வைக்கிறது உங்க வேலை" என்றாள் மூடின கண்ணோடு. அவர் தலையாட்டினார். அவள் பார்க்கவில்லை என்று தெரிந்து, "சரி" என்று வாய்விட்டும் சொன்னார்.

இதோடு மனிதர் திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஒரு வாரம் அடங்கியிருந்தார். அப்புறம் பழைய வாய் திரும்ப முளைத்தது. தெருவில் யாருடைய சைக்கிள் காற்றிறங்கி நின்றாலும் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். "முதல்ல டயருக்குள்ள விரல் விட்டுப் பார்க்கணும். நூத்துல தொண்ணூறு பேருக்கு இது தெரியாது. நான் அனுபவத்துல கண்டுபிடிச்சேன்." தெருமுனைக் கடைக்காரரிடமே போய் இதைச் சொன்னார். அவர் மெல்லுவதை ஒரு கணம் நிறுத்தி, "அப்படியா சார்!" என்று வியந்துவிட்டு மறுபடி மெல்லத் தொடங்கினாராம். அதையும் அத்தானே பெருமையாக வந்து சொன்னார். கம்பித் துண்டை ஒரு பழைய கண்ணாடிக் கூட்டில் போட்டு வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். அந்தக் கதையில் அக்கா வரவே மாட்டாள். கை உடைந்ததும் வராது.

ஆனால் காலையில் யாரும் எழுப்பாமலே எழுந்து, காற்றடிக்கும் பம்பை எடுத்துக்கொண்டு போனார். அக்கா கட்டுப் பிரித்து மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து, அவள் தலை வாரி முடிப்பதற்குள் கீழே சைக்கிள் முன்னால் உட்கார்ந்து இரண்டு டயரையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். மணிக்கட்டு பழைய மாதிரி திரும்பாது. துணி பிழிய முடியாததால் அவளை மடிப்புப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். அவர் பிரேக்கைப் பற்றி அவளுக்கு உபதேசம் செய்துகொண்டே பம்பை அடிப்பார். அவள் பையை மாட்டிக்கொண்டு, ஒரு வேலைக்காரன் முடிக்கக் காத்திருக்கும் எஜமானி மாதிரி, அவரைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். முடிந்ததும் ஏறிப் போய்விடுவாள். நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. அந்தச் சைக்கிள் அதற்குப் பிறகு வழியில் அவளைக் கைவிட்டதும் இல்லை.

எனக்குக் கல்யாணம் ஆகி நான் வேறு ஊருக்குப் போய்விட்டேன். போன முறை அவர்களைப் பார்க்கப் போயிருந்தபோது, சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நானும் அக்காவும் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"குழாயில வாஷர் போயிருக்கு போல. மாத்தத் தெரியுமா உனக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கு எங்க தெரியும் அதெல்லாம்" என்றாள் அக்கா, உள்ளே இருப்பவருக்குக் கேட்கிற மாதிரி கொஞ்சம் உரக்க.

உள்ளேயிருந்து அத்தானின் குரல் வந்தது. "குழாய்க்காரனைக் கூப்பிடாதீங்க. அவனுங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நானே பார்க்கிறேன்." அதைத் தொடர்ந்து கரண்டிகள் இருக்கும் டப்பாவைத் திறக்கும் சத்தம்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, வாளியையும் பழைய துணியையும் எடுத்துச் சமையலறை வாசலில் வைத்தாள். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து, மிச்ச டீயைக் குடிக்க ஆரம்பித்தாள்.